டர்பனில் குண்டுமல்லி: கார்த்திகையில் வெட்டியதும் ஆடிக்கு முன் வெட்டியதும்

2025 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, தைப்பூசம். விடியற்காலை ஐந்து மணிக்கு எவர்சில்வர் தூக்குவாளியோடு கொல்லைக்குப் போய் வெளிச்சம் வருவதற்குள் மொட்டுப் பறித்து முடித்தேன். முதல் நாள் காலை பறித்து ஈரத்துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்திருந்ததையும் சேர்த்து எண்ணினால் 412 மொட்டு. வாழைநாரில் நெருக்கமாகக் கட்டினேன், மூன்றே முக்கால் முழம் வந்தது. மூன்று முழம் முருகனுக்குப் போனது, மிச்சத்தை நானும் பக்கத்து வீட்டு ஆயாவும் தலையில் வைத்துக்கொண்டோம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டுக் கொல்லையில், மூன்று வருஷம் தப்புத்தப்பாகச் செய்து, நாலாவது வருஷம் கைக்கு வந்த பூ இது. எங்கள் தெருவில் நாலைந்து பேர் "எப்படி வந்துச்சு, என்ன போட்டே?" என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் பாதிப் பாதியாகச் சொல்வதைவிட மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

நான் பிறந்தது தமிழ்நாட்டில், நிலக்கோட்டைப் பக்கம். அப்பாவுக்கு அரை ஏக்கர் மல்லி. அதனால் மல்லி எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன், பாதித் தப்பு அங்கிருந்துதான் வந்தது.

முதல் தப்பு 2021-இல். இங்கே வந்த புதிதில் நர்சரிக்குப் போய் மல்லி கேட்டேன், "ஸ்டார் ஜாஸ்மின்" என்று ஒரு கொடியைக் கொடுத்தார்கள். 95 ராண்ட். வெள்ளைப் பூ, வாசமும் நன்றாக இருந்தது, ஆனால் இதழ் காற்றாடி மாதிரி முறுக்கிக்கொண்டு இருந்தது. அப்பாவுக்குப் படம் அனுப்பினேன், இலைக்காம்பை ஒடித்துப் பார்க்கச் சொன்னார். ஒடித்ததும் பால் வந்தது. மல்லியில் பால் வராது, முல்லை, பிச்சி எதிலுமே வராது. இது பெயரில் மட்டும்தான் ஜாஸ்மின், அரளிக் குடும்பத்துச் செடி. வேலியில் படர்ந்து அழகாகத்தான் இருக்கிறது, அப்படியே விட்டுவிட்டேன், ஆனால் சரம் கட்ட உதவாது. இங்கே நர்சரியில் வாங்குகிறவர்கள் காசு கொடுப்பதற்கு முன் ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்துவிடுங்கள். ஆகஸ்டில் டர்பன் வேலிகளில் எல்லாம் ரோஸ் நிற மொட்டோடு கொட்டிப் பூக்கிற கொடி இன்னொன்று உண்டு. அது மல்லி இனம்தான், ஆனால் நம் குண்டுமல்லி இல்லை, மொட்டு ஒல்லியாக இருக்கும்.

ஊரிலிருந்து குச்சி கொண்டுவரலாமா என்று யோசித்தேன். பெர்மிட் இல்லாமல் செடியோ குச்சியோ இந்த நாட்டுக்குள் கொண்டுவர முடியாது, நோய் வரும் என்பதால் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். அது நியாயமும்கூட. கடைசியில் பார்த்தால், தேடிய செடி நாலு அடி தள்ளி, பக்கத்து வீட்டு வேலிக்குப் பின்னால் இருந்தது.

பக்கத்து வீட்டு ஆயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் மேகசின் பேரக்ஸில், நகராட்சியில் வேலை செய்த நம் ஆட்களுக்கான குடியிருப்பு அது. அறுபதுகளில் அங்கிருந்து ஜனங்களை எழுப்பிச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியபோது, ஆயாவின் அம்மா மண்ணெண்ணெய்த் தகரத்தில் வைத்து எடுத்துவந்த மல்லி இது. இடுப்பளவு புதர், அடித்தண்டு என் மணிக்கட்டுப் பருமன். ஆயா பேசுகிற தமிழ் பழைய தமிழ், நடுநடுவே இங்கிலீஷ் வரும், ஆனால் பூப்பெயர் எல்லாம் சுத்தமாகச் சொல்லுவார். "எடுத்துக்கோம்மா, கேக்கவே வேணாம்" என்று சொல்லிக் கத்தரியை என் கையிலேயே கொடுத்தார்.

2022 பிப்ரவரி 12 அன்று 12 குச்சி வெட்டினேன். பென்சிலைவிடக் கொஞ்சம் மெல்லிசு, பச்சையும் இல்லாமல் முற்றிய கட்டையும் இல்லாமல் நடுத்தரம், 15 செ.மீ. நீளம், ஒவ்வொன்றிலும் மூன்று கணு. கீழ் வெட்டு கணுவுக்கு ஒட்டிக் கீழே, சாய்வாக. மேலே இரண்டு இலை மட்டும் விட்டு அதையும் பாதியாக நறுக்கினேன். வேர்த்தூள் சின்ன டப்பா 60 ராண்ட். 2 லிட்டர் ஐஸ்க்ரீம் டப்பாவின் அடியில் எட்டு ஓட்டை போட்டு, ஆற்று மணலும் தேங்காய் நார்த்தூளும் சரிபாதி நிரப்பி, டப்பாவுக்கு நாலு குச்சி வீதம் நட்டு, பாதியாக வெட்டிய கூல்ட்ரிங் பாட்டிலை மேலே கவிழ்த்தேன். ஆறு வாரம் கழித்து இழுத்துப் பார்த்தால் ஏழு குச்சி பிடிமானமாக நின்றது.

அப்புறம் ஏப்ரல் 11, 12 மழை. டர்பனில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நானூறுக்கும் மேல் உயிர் போன வெள்ளம் அது, எங்கள் மேட்டுக்குக் கீழேயே வீடுகள் சரிந்தன, பல நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. செடி ஞாபகம் வந்தது ஐந்தாம் நாள்தான். டப்பா மூன்றும் தண்ணீரில் மூழ்கியிருந்து இரண்டு குச்சி அழுகிவிட்டது. ஐந்து மிஞ்சியது. இன்று கொல்லையில் இருப்பது அந்த ஐந்தும்தான்.

2022 செப்டம்பரில் நட்டேன். இங்கேதான் பெரிய தப்பு. ஊரில் அப்பா எப்போதும் சொல்வது, தெற்கு வெயில் விழுகிற இடம் மல்லிக்கு நல்லது என்று. நான் பார்த்த தோட்ட வீடியோக்களிலும் தெற்குப் பக்கம், தெற்குப் பக்கம் என்றே சொன்னார்கள். அதைக் கேட்டு வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டி, ஒரு மீட்டர் தள்ளி, நாலு குழி எடுத்தேன். குழி ஒன்றுக்கு 30 செ.மீ. நீளம், அகலம், ஆழம். செடிக்குச் செடி 1.25 மீட்டர், அது அப்பாவின் கணக்கு. எங்கள் மண் களி, குழியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் வடிய ஐந்து மணி நேரம் ஆனது, அதனால் மண்ணோடு கம்போஸ்ட் கலந்து தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்துக்கு மேடு கட்டி நட்டேன். கம்போஸ்ட் 30 லிட்டர் மூட்டை நாலு, மூட்டை 45 ராண்ட். அந்த மேடு மட்டும் சரியாகச் செய்தேன், எந்த மழைக்கும் வேர் அழுகவில்லை. ஐந்தாவது செடிக்கு அங்கே இடம் போதவில்லை. பழைய 25 லிட்டர் பெயின்ட் வாளியில் ஓட்டை போட்டு நட்டு, துணி காயப்போடுகிற வடக்குப் பக்க சிமென்ட் தரையில் வைத்தேன். அதைப் பற்றி அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

முதல் கோடையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூத்தது. சின்னச் செடி, போகட்டும் என்று விட்டேன். குரங்குதான் அந்த வருஷத்துத் தொல்லை. வெர்வெட் குரங்குக் கூட்டம் வேலி ஏறி வந்து செம்பருத்தியில் ஒரு மொட்டு விடாமல் தின்றுவிடும். மல்லியைத் தின்னவில்லை, ஆனால் ஒரு குட்டி உட்கார்ந்து ஆடி இரண்டு கிளையை ஒடித்தது.

2023 நவம்பர் 26, ஞாயிறு. ஊரில் கவாத்துக் காலம். கார்த்திகையில், நவம்பர் கடைசி வாரத்தில், தண்ணீரை நிறுத்திவிட்டுத் தரையிலிருந்து முழ உயரத்தில் வெட்டிவிடுவார்கள், பங்குனி தொட்டுப் பூ வரும். நானும் 180 ராண்டுக்குக் கவாத்துக் கத்தரி வாங்கி, தெற்குச் சுவரில் இருந்த நாலையும் 45 செ.மீ. உயரத்தில் வெட்டினேன். வெட்டும்போதே ஒரு நெருடல், ஒவ்வொரு நுனியிலும் கடுகளவு மொட்டு இருந்தது. அப்பா சொன்ன நாள், அப்பா சொன்ன உயரம், அதனால் வெட்டிவிட்டேன். வாளிச் செடி சின்னதாக இருந்ததால் அதைத் தொடவில்லை.

அதற்கு மேல் இன்னொன்றும் செய்தேன். எதிர்வீட்டுக்காரர் புல்தரைக்குப் போடுகிற எல்.ஏ.என். உரத்தை, வெட்டிய செடி சீக்கிரம் துளிர்க்கட்டும் என்று செடிக்கு ஒரு கைப்பிடி போட்டேன். அது முழுக்கத் தழைச்சத்து. டிசம்பர் மழையும் சேர்ந்தது. இலை உள்ளங்கை அகலத்துக்குக் கரும்பச்சையாக வந்தது, கொடி மாதிரி ஒன்றரை மீட்டர் நீளத்துக்குச் சாட்டை சாட்டையாகக் கிளை வந்தது. பார்த்தவர்கள் எல்லாம் செடி என்னமாய் இருக்கிறது என்றார்கள். 2024 ஜனவரி 25 தைப்பூசத்தன்று நாலு செடியிலுமாக ஒன்பது மொட்டு. வாளிச் செடி ஒன்றில் மட்டும் 43.

அன்று சாயங்காலம் வேலியோரம் நின்று ஆயாவிடம் புலம்பினேன். எப்போது வெட்டினாய் என்று கேட்டார், சொன்னேன்.

"கார்த்திகையில யாராச்சும் மல்லிய வெட்டுவாங்களாம்மா? அது பூக்கிற நேரம் ஆச்சே. கூழ் ஊத்துறதுக்கு முன்னாடி வெட்டிடணும். கூழ் ஊத்துற அன்னிக்கு அது மொட்டையா நிக்கணும். எங்கம்மா அப்படித்தான் செய்வாங்க."

இங்கே ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது பெரிய விசேஷம், 'போரிட்ஜ் பிரேயர்' என்று எல்லோரும் சொல்வார்கள். வேப்பிலைக்குப் பதில் சிரிங்கா இலை கட்டுவார்கள், அது நம் மலைவேம்பு. ஆடி என்றால் ஜூலை பாதியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை. ஊரில் அது பட்டம் தொடங்குகிற காலம். டர்பனில் நடுக் குளிர்காலம், மழையும் இருக்காது. ஆடிக்காற்று மட்டும் மாறாமல் இங்கேயும் அடிக்கிறது, ஆகஸ்டில் துணி காயப்போட முடியாது. நாம் இருப்பது பூமியின் தென்பாதி, காலம் ஆறு மாதம் தள்ளி வருகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. டிசம்பரில் வியர்க்கிறது, ஜூனில் ஸ்வெட்டர் போடுகிறேன். ஆனாலும் தமிழ் மாதத்தின் பெயரோடு வந்த வேலையை அந்த மாதத்திலேயே செய்துவிட்டேன். 1860-இல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்து இறங்கிய நம் ஆட்களுக்கும் இதே குழப்பம் இருந்திருக்கும். ஆடி என்ற பெயரையும் கூழையும் வைத்துக்கொண்டு, செடி வேலையை மட்டும் வானத்தைப் பார்த்து மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், அது ஆயாவின் அம்மா வழியாக வேலியோரம் வரைக்கும் வந்திருக்கிறது. அதை முதலிலேயே கேட்டிருந்தால் எனக்கு ஒரு வருஷம் மிச்சம்.

அந்த ஞாயிறு அப்பாவுக்கு போன் போட்டு ஆயா கையில் கொடுத்தேன். இருபது நிமிஷம் பேசினார்கள். அப்பா கேட்டது ஒரே கேள்வி, "உங்க ஊர்ல குளிர் எப்பம்மா முடியும்?" ஆகஸ்டில் என்றார் ஆயா. அப்படியென்றால் குளிர் முடிகிற நேரம் துளிர் வருகிற மாதிரி வெட்டணும், தேதி முக்கியமில்லை என்றார் அப்பா. பிறகு என்னிடம், "வாளியில இருக்கிற செடிக்கும் மத்ததுக்கும் என்ன வித்தியாசம்னு பார்த்தியா?" என்று கேட்டார்.

பார்த்தேன். மூன்று வித்தியாசம். வாளிச் செடியை வெட்டவில்லை, எல்.ஏ.என். போடவில்லை, அது வடக்கே இருக்கிறது. மூன்றில் எது காரணம் என்று அப்போது சொல்ல முடியவில்லை. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் இப்படித்தான் ஆகும்.

2024 ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை, வருஷத்தின் மிகக் குட்டையான பகலுக்கு மூன்று நாள் கழித்து, மணிக்கு ஒரு தடவை வெளியே போய் எந்தச் செடிமேல் வெயில் விழுகிறது என்று குறித்தேன். வாளிச் செடிக்கு ஏழு மணி நேரம். தெற்குச் சுவர்ச் செடிகளுக்கு ஒரு நிமிஷம்கூட இல்லை. டேப் வைத்து அளந்தால் சுவர் உயரம் 3.2 மீட்டர், உச்சிப்பொழுதில் அதன் நிழல் 4.3 மீட்டர். ஒரு மீட்டரில் இருக்கிற செடிக்கு எங்கிருந்து வெயில் வரும்? இங்கே குளிர்காலச் சூரியன் வடக்கே சாய்ந்து, உச்சியிலேயே 37 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. நிலக்கோட்டையில் மார்கழிச் சூரியன் தெற்கே சாய்கிறது, அதனால் அங்கே தெற்குப் பக்கம் வெயில். இங்கே வடக்கு. கோடையில் தெற்குப் பக்கத்துக்கும் மூன்றரை மணி நேரம் வெயில் வருகிறது (டிசம்பரில் மறுபடி குறித்தேன்), ஆனால் துளிர் வந்து மொட்டு கட்டத் தொடங்குகிற ஆகஸ்ட், செப்டம்பரில் அங்கே நிழல்தான்.

இந்தத் தடவை ஒழுங்காகச் செய்ய முடிவு செய்தேன். நாலு செடியில் இரண்டை வடக்கே மாற்றுவது, இரண்டைத் தெற்கிலேயே விடுவது, கவாத்தும் உரமும் எல்லாவற்றுக்கும் ஒன்று. ஜூன் 15-லிருந்தே தண்ணீரை நிறுத்தியிருந்தேன், மழையும் இல்லை. ஜூலை 6 சனிக்கிழமை வெட்டினேன். தரையிலிருந்து 45 செ.மீ., காய்ந்த குச்சி, நோஞ்சான் குச்சி, ஒன்றோடொன்று உரசுகிற குச்சி எல்லாவற்றையும் அடியோடு எடுத்து, மிஞ்சிய இலைகளையும் உருவிவிட்டேன். கத்தரியைச் செடிக்குச் செடி ஸ்பிரிட் துணியால் துடைத்தேன். வெட்டி முடித்தபோது மனசு பதறியது, இரண்டரை வருஷச் செல்வம் வெறும் குச்சியாக நின்றது.

அன்றே மாற்றி நட்டேன். 40 செ.மீ. விட்டத்தில் வேர்மண் உடையாமல் தோண்டி, கோணிச்சாக்கில் இழுத்துவந்தோம், வீட்டுக்காரர் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம். வடக்குச் சுவரை ஒட்டிக் குழி எடுத்தபோது வீடு கட்டிய காலத்துச் சிமென்ட் கட்டிகள் வந்தன. பெரியதை மட்டும் பொறுக்கிவிட்டு நட்டேன், முழுக்க எடுத்திருக்க வேண்டும். செப்டம்பரில் புதுத்துளிர் எல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. இரும்புச்சத்து ஏறவில்லை என்று அர்த்தம், மண்ணில் சுண்ணாம்பு கூடினால் இப்படி ஆகும். மறுபடி ஓரமாக 40 செ.மீ. ஆழத்துக்குத் தோண்டி ஒன்றரை வாளி சிமென்ட் தூளும் கட்டியும் எடுத்தேன். இரும்பு சல்பேட் லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, சாயங்காலத்தில், இரண்டு வார இடைவெளியில் இரண்டு தடவை இலையில் தெளித்தேன். மூன்றாவது வாரம் பச்சை திரும்பியது. தெளித்தபோது சுவரில் பட்ட இடமெல்லாம் துருக்கறை, இன்னும் போகவில்லை. நீங்கள் தெளித்தால் சுவருக்கு ஒரு அட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உரம், இந்தத் தடவை 3:1:5. இந்த ஊர் மூட்டையில் தழை, மணி, சாம்பல் சத்து இந்த வரிசையில் விகிதமாக எழுதியிருக்கும், பூவுக்கும் காய்க்கும் கடைசி எண் பெரிதாக உள்ளதை வாங்க வேண்டும். 5 கிலோ 130 ராண்ட். ஆகஸ்டிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு தடவை செடிக்கு இரண்டு மேசைக்கரண்டி, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளித் தூவி, உடனே தண்ணீர். வாளிச் செடிக்கு அதில் பாதி. எல்.ஏ.என். பக்கமே போகவில்லை.

ஆகஸ்ட் 10 அன்று முதல் துளிர். அக்டோபர் 3 முதல் மொட்டு. வெட்டியதிலிருந்து மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. அக்டோபர் 31 தீபாவளிக்கு அறுபது மொட்டு கிடைத்தது, அதில் தெற்குப் பக்கத்திலிருந்து வந்தது நாலு. அந்த நாலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன், ஜூனில் குறித்த கணக்கு கண்ணுக்கு முன்னாலேயே தெரிந்தது.

நவம்பர் மழையில் மொட்டில் புழு. மொட்டில் ஒரு ஊசி ஓட்டை, உள்ளே பச்சைப் புழு, இரண்டு மூன்று மொட்டைச் சேர்த்து நூலால் கட்டிக்கொண்டு இருக்கும், மொட்டு ஊதா நிறமாக மாறிவிடும். மருந்து அடிக்க மனம் வரவில்லை, தலையில் வைக்கிற பூ. தினமும் காலையில் ஊதா மொட்டையும் கீழே விழுந்ததையும் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். முதல் வாரம் நாளுக்கு இருபது முப்பது, மூன்றாவது வாரம் நாலைந்து. வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்போடு வாரம் ஒரு தடவை தெளித்தேன். எண்ணெய் வேலை செய்ததா பொறுக்கியது வேலை செய்ததா என்றால், பொறுக்கியது என்றுதான் சொல்வேன், தெளிக்க மறந்த வாரத்திலும் புழு குறைந்தது.

இப்போது தைப்பூசக் கணக்கு. மல்லி ஒரே மூச்சாகப் பூக்காது, அலை அலையாக வரும். டிசம்பர் நடுவில் ஒரு அலை முடிந்தது. பூ முடிந்த கிளையின் நுனியை இரண்டு கணு விட்டுக் கிள்ளினால் ஆறு வாரம் வாக்கில் அடுத்த அலை வருகிறது, அக்டோபரிலும் நவம்பரிலும் நாட்காட்டியில் குறித்துவைத்துத் தெரிந்துகொண்டேன். பிப்ரவரி 11-லிருந்து பின்னால் எண்ணி டிசம்பர் 28 சனிக்கிழமை எல்லாக் கிளை நுனியையும் கிள்ளினேன். பிப்ரவரி 7 அன்று அரிசி அளவு மொட்டு, 10, 11 இரண்டு நாளும் உச்சம். நாள் கணக்கு இவ்வளவு சரியாக வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை, வெயில் ஒரு வாரம் கூடக்குறைய இருந்திருந்தால் தள்ளிப்போயிருக்கும். அந்த 412-இல் வடக்கே இருக்கிற மூன்று செடி கொடுத்தது 374. தெற்கு இரண்டும் சேர்ந்து 38. சமையலறைத் தராசில் 100 மொட்டு 24 கிராம்.

மொட்டு பறிக்கிற நேரம் பற்றி ஒரு வார்த்தை. வெயில் ஏறுவதற்கு முன், பால்வெள்ளையாகப் பருத்த மொட்டை மட்டும், காம்போடு. பச்சை சாயல் இருந்தால் அது நாளைக்கு. ஆயா வீட்டில் ஊசி நூலில் கோர்ப்பார்கள், நார் கட்டு மறந்துவிட்டதாம். கொல்லை வாழைமட்டையைக் கிழித்து நார் எடுத்துக் கட்டிக் காட்டினேன். ஆயா இரண்டு முடிச்சு போட்டுப் பார்த்துவிட்டு, "எங்கம்மா கை இப்படித்தான் போகும்" என்று சொல்லி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

தெருவில் மற்றவர்கள் பூவும் இந்த வருஷம் நன்றாக வந்தது. எதிர்வீட்டு ஆன்ட்டி காவடிக்கென்று செண்டுப்பூ விதையை அக்டோபர் 20 வாக்கில் போடுவார், ஜனவரி பிறக்கும்போது பூக்கத் தொடங்கிவிடும். போன வருஷத்துக் காய்ந்த பூவிலிருந்து அவரே எடுத்த விதை, ஒரு தீப்பெட்டி நிறைய எனக்கும் கொடுத்தார். பின் தெருவில் ஒருவரிடம் கனகாம்பரம் இருப்பது தைப்பூசத்தன்று கோயிலில்தான் தெரிந்தது. மல்லியோடு கனகாம்பரம் வைத்துக் கட்டாத சரம் எனக்குப் பாதிச் சரம். பேசியாகிவிட்டது, அவருக்கு மல்லிச் செடி, எனக்குக் கனகாம்பர நாற்று.

கொடுக்கச் செடி இருக்கிறது. டிசம்பர் 28 கிள்ளும்போது நடுத்தர முற்றலாக இருந்த கிளைகளையும் கொஞ்சம் எடுத்து 20 குச்சி வைத்தேன். அதே ஐஸ்க்ரீம் டப்பா, அதே மணல், ஆனால் இந்தத் தடவை டப்பாவைச் செங்கல்மேல் தூக்கி, மழை படாமல் தாழ்வாரத்தில். ஏழு வாரத்தில் 14 வேர் பிடித்தது.

மொத்தச் செலவு, அந்த ஸ்டார் ஜாஸ்மினையும் சேர்த்து, 730 ராண்ட் வருகிறது. கத்தரி, கம்போஸ்ட், உரம், வேர்த்தூள் மேலே சொன்னேன், இரும்பு சல்பேட்டும் வேப்பெண்ணெயும் சேர்த்து 85.

அடுத்த தடவை மாற்றப்போவது: கவாத்தை ஜூலை 6-க்குப் பதில் ஜூன் கடைசி வாரத்துக்கு இழுக்கப்போகிறேன், எங்கள் பக்கம் பனி விழுவதில்லை, பத்து நாள் முன்னால் துளிர்த்தால் தீபாவளிக்கு இன்னும் பூ கிடைக்கும். குழியில் சிமென்ட் இருந்தால் முதலிலேயே முழுக்க எடுத்துவிட வேண்டும். வாளிச் செடியின் வேர் அடி ஓட்டை வழியாக வெளியே வந்துவிட்டது, கோடையில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை தண்ணீர் கேட்கிறது, அதை 50 லிட்டர் தொட்டிக்கு மாற்ற வேண்டும். இலைச்சாறு உறிஞ்சுகிற செம்பேன் வருகிறதா என்று ஜூனிலேயே இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும், போன குளிர்காலத்தில் ஆயாவின் செடியில் நிறைய இருந்தது, குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்துத்தான் கழுவினோம்.

தெற்குச் சுவரில் நிற்கிற இரண்டையும் இந்தக் கவாத்தின்போது எடுத்துவிடுவேன். ஒன்றுக்கு வடக்கே இடம் இருக்கிறது. இன்னொன்றுக்கு ஆயா தன் வாசற்படிக்குப் பக்கத்தில் குழி காட்டிவிட்டார், நானே போய் மணிக்கு ஒரு தடவை வெயில் குறித்துப் பார்த்தேன், அங்கே ஐந்து மணி நேரம் விழுகிறது. குழி இப்போதே வெட்டியாகிவிட்டது, சிமென்ட் இல்லை.